ஆற்றின் மேல் ஒருவர் நடக்கிறார்

அந்தக் குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின் மேல் யாராவது கால் வைத்தால், தொள்ளாயிரம் கிலோமீட்டர் தெற்கே ஒரு நகரம் முழுவதும் அரை டிகிரி குளிர்ந்தது.

அதற்குக் காரணம் வாகீசன் செய்த ஒரு கருவி. வாகீசன் கனடாவின் வடக்கே, பெரிய ஆற்றின் மேல் கட்டிய அணையில் பொறியாளன். வரைபடத்தில் அந்த ஆற்றுக்கு வெள்ளைக்காரப் பெயர் ஒன்று உண்டு. அங்கே இருப்பவர்கள் பெரிய ஆறு என்றுதான் சொல்வார்கள். அவனுடைய பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து டொரொன்டோவில் குடியேறியவர்கள். அவன் மட்டும் இருபத்தேழு வயதில் வேலைக்கென்று வடக்கே வந்தவன், பத்தொன்பது வருடமாகத் திரும்பிப் போகவில்லை. மனைவி நளாயினி தாதி. அணைக்கு எட்டு கிலோமீட்டர் கீழே, ஆற்றின் கரையில் இருக்கும் மூன்றுபாறை என்ற கிரீ மக்களின் குடியிருப்பில், அரசாங்க மருத்துவ நிலையத்தில் வேலை.

ஆறு கோடையில் பெருகும், குளிர்காலத்தில் ஒடுங்கும். அதுதான் அதன் சுபாவம். ஆனால் நகரத்துக்குச் சூடு வேண்டியிருப்பது குளிர்காலத்தில். அதனால் அணை வந்த நாளிலிருந்து ஆறு தலைகீழாகிவிட்டது. காலை ஆறு மணிக்கு நகரம் எழும்பும்போது மதகுகள் திறக்கும், பனிக்கட்டிக்கு அடியில் நீர் ஒரு மீட்டர் ஏறும். மதியம் இறங்கும். மாலை ஐந்துக்கு மக்கள் வீடு திரும்பி அடுப்பையும் ஹீட்டரையும் போட்டதும் மறுபடி ஏறும். இப்படி ஏறி இறங்கும் நீர் பனிக்கட்டியை உடைக்கும். விரிசல் வழியாக மேலே வரும் தண்ணீர், வெண்பனிக்குக் கீழே கூழாக நிற்கும். பார்த்தால் ஒன்றும் தெரியாது. கால் வைத்தால்தான் தெரியும்.

நான்கு வருடங்களுக்கு முன், ஒரு ஜனவரி காலையில், மூன்றுபாறையைச் சேர்ந்த கிளிஃபர்ட் பியர்டி அக்கரையில் போட்டிருந்த வலையை எடுக்கப் பனிவண்டியில் போனான். ஏழு பத்துக்கு ஆற்றின் நடுவில் வண்டியோடு உள்ளே போய்விட்டான். வயது முப்பத்துநான்கு.

அன்று காலை அணையின் கட்டுப்பாட்டறையில் இருந்தது வாகீசன். ஆறரை மணிக்கு நகரத்தின் மின்பங்கீட்டு மையத்திலிருந்து ஜொசெலின் கூப்பிட்டிருந்தாள். அவளை அவன் நேரில் பார்த்ததில்லை. ஒவ்வொரு நாளும் கேட்கும் குரல், அவ்வளவுதான்.

"எனக்கு இன்னும் இருநூறு மெகாவாட் வேண்டும், வாகீ. இங்கே மைனஸ் முப்பத்தெட்டு."

அவன் இரண்டு டர்பைன்களைக் கூடுதலாக ஓடவிட்டான். அணையிலிருந்து அந்த இடத்துக்கு நீர் போய்ச்சேர நாற்பது நிமிடம். விசாரணையில் இயற்கை விபத்து என்று எழுதினார்கள். யாரும் அவனைக் குறை சொல்லவில்லை. அவனும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, நளாயினியைத் தவிர. ஆனால் அதற்குப் பிறகு அவன் அந்தக் குடியிருப்புப் பக்கம் போகவேயில்லை. நளாயினியை ஏற்றி இறக்கினாலும் பிரதான சாலையிலேயே வண்டியை நிறுத்திவிடுவான்.

கருவி அந்த மௌனத்தில் பிறந்தது. மூன்றுபாறைக்கு இணையம் கொண்டுவந்த கண்ணாடி நார் ஆற்றுப்படுகை வழியாகத்தான் ஓடியது. அதற்குள் போகும் ஒளி மிகச் சிறிய அதிர்வுக்கும் கொஞ்சம் நடுங்கும். அந்த நடுக்கத்தைப் படிக்க முடிந்தால், அறுபது கிலோமீட்டர் நீளத்துக்கும் ஆறே காதாகிவிடும். மூன்று வருடம் வேலை நேரம் போக மீதி நேரமெல்லாம் அதில்தான் கழிந்தது. காற்றின் ஓசை, பனிக்கட்டி முனகும் ஓசை, நரியின் ஓட்டம், மனிதனின் நடை எல்லாவற்றையும் அவனுடைய நிரல் பிரித்தறியக் கற்றுக்கொண்டது. அதற்கு அவன் செவி என்று பெயர் வைத்தான். பனிக்கட்டியின் மேல் மனிதர் யாராவது இருந்தால் செவி அணையிடம் சொல்லும். அந்த ஆள் கரையேறும்வரை அணை நீரை ஏற்றாது, இறக்காது. அந்த நேரத்தில் நகரத்துக்குக் குறையும் மின்சாரத்தை, மூன்று லட்சம் வீடுகளின் சூட்டில் அரை டிகிரி குறைத்து ஈடுகட்டும். மருத்துவமனை, முதியோர் இல்லம், கைக்குழந்தை உள்ள வீடு இவற்றுக்கு விலக்கு.

அணையை நடத்திய வடநதி மின்கழகத்துக்கு இதில் விருப்பமில்லை. ஆனால் கிளிஃபர்ட் இறந்தபின் மூன்றுபாறைக்காரர்கள் வழக்குப் போட்டிருந்தார்கள். நீதிபதி நூறு நாள் சோதனை நடத்தச் சொல்லிவிட்டார். நூறு நாளுக்குப் பிறகு தொடர்வதும் நிறுத்துவதும் கழகத்தின் முடிவு.

கழகத்தின் உதவித் தலைவர் டாரில் கொவால்சுக் ஒரு நிபந்தனை போட்டார். சூடு குறையும்போது ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் இருக்கும் சூட்டுமானியின் திரையில் ஏன் குறைகிறது என்று தெரிய வேண்டும்.

"மக்களுக்குத் தெரிய உரிமை இருக்கிறதல்லவா?" என்றார் அவர். இரண்டே வாரத்தில் நகரம் கூச்சல் போடும் என்பது அவருடைய கணக்கு.

அப்படித்தான் நவம்பர் மாதம் முதல், திரைகளில் ஒரு வரி வந்து போனது: ஆற்றின் மேல் ஒருவர் நடக்கிறார்.

முதல் வாரத்தில் முறைப்பாடுகள் வரத்தான் செய்தன. ஒரு பெண்மணி, "நான் வரி கட்டுவது யாரோ உலாவப் போவதற்கா?" என்று எழுதியிருந்தார். பிறகு கேள்விகள் வரத் தொடங்கின. யார் நடக்கிறார்கள்? எங்கே போகிறார்கள்? பத்திரமாகக் கரையேறினார்களா? ஆட்கள் தேடிப்பார்த்து மூன்றுபாறையின் வானொலியை இணையத்தில் கண்டுபிடித்தார்கள். அந்த வானொலியை நடத்தியவர் நோயெல்லா பியர்டி, கிளிஃபர்ட்டின் மூத்த சகோதரி, ஐம்பத்தெட்டு வயது. வானிலை, பிறந்தநாள் வாழ்த்து, தொலைந்துபோன கையுறை எல்லாம் அறிவிக்கும் சிறிய நிலையம் அது. தெற்கிலிருந்து ஆட்கள் கேட்பது தெரிந்ததும் நோயெல்லா காலை அறிவிப்பில் ஒன்றைச் சேர்த்துக்கொண்டார். நேற்று ஆற்றைக் கடந்தவர்களின் பெயர்களை, அவர்கள் சம்மதத்தோடு, ஒவ்வொன்றாக வாசித்தார்.

டிசம்பரில் ஒரு நாளைக்கு இருபது பேர் வரை கடந்தார்கள். ஒருவரும் விழவில்லை. வாகீசனுக்கு அது போதுமாயிருந்தது.

ஜனவரி நடுவில் ஏதோ மாறியது. காலை ஐந்தரையிலிருந்து இரவு எட்டரை வரை ஆறு காலியாக இருப்பதேயில்லை. ஒருவர் கரையேறுவதற்குள் இன்னொருவர் இறங்கிவிடுவார். நீர்மட்டக் கோடு வரைகோல் வைத்துக் கீறியதுபோலத் திரையில் கிடந்தது. கொவால்சுக் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"உங்கள் கருவி பழுதாகிவிட்டது. நரியை எல்லாம் மனிதன் என்று எண்ணுகிறது."

"பார்க்கிறேன்," என்றான் வாகீசன்.

பார்த்தான். கருவியில் பழுதில்லை. எல்லாம் மனித நடைதான். ஆனால் யாரும் ஆற்றைக் கடக்கவில்லை. இருநூறு மீட்டர் போகிறார்கள், திரும்புகிறார்கள், மறுபடி போகிறார்கள். அரை மணிக்கு ஒரு முறை ஆள் மாறுகிறது. செவ்வாய்க்கிழமை பன்னிரண்டரைக்கு ஒரு நடை. வியாழக்கிழமையும் அதே நேரத்தில் அதே நடை. மெல்லிய ஆள். வலது கால் கொஞ்சம் தயங்கி ஊன்றுகிறது.

நளாயினிக்கு இரண்டு வருடத்துக்கு முன் வலது முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்திருந்தது.

மாலை சாப்பாட்டு மேசையில் அவன் கேட்டான். "மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில எங்க போறீர்?"

நளாயினி புட்டைப் பிசைந்துகொண்டே, "கண்டுபிடிச்சிட்டியளோ?" என்றாள். "நான் நினைச்சன், போன கிழமையே கேப்பியள் எண்டு."

"அப்ப உண்மைதானோ?"

"ஓம். செவ்வாயும் வியாழனும் என்ர முறை."

"என்ன முறை?"

"நோயெல்லா ஒரு பட்டியல் போட்டு வச்சிருக்கிறா. அரை மணித்தியாலத்துக்கு ஒரு ஆள். பள்ளிக்கூட ரீச்சர், கடைக்காரன், பாதிரியார் எல்லாரும் நடக்கினம். மருந்தெடுக்க வாற சனத்துக்கு நானே எழுதிக் குடுக்கிறன், ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் நடக்க வேணும் எண்டு." அவள் சிரித்தாள். "பொய்யில்லை, எல்லாருக்கும் இரத்தத்தில சீனி கூடத்தானே."

"நளா, இது விளையாட்டில்லை. ஆள் விழாமல் இருக்கத்தான் அந்தக் கருவி. ஆற்றை மறிச்சு வச்சிருக்கிறதுக்கில்லை. எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் நீங்கள் கொவால்சுக்கிட்டச் சொல்ல வேண்டி வரும். பொய் சொல்ல உங்களுக்கு வராது." அவள் அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் கறி வைத்தாள். "இஞ்சாருங்கோ, ஒருக்கா வந்து பாருங்கோவன். பாத்திட்டு யாரிட்டச் சொல்லுறதெண்டாலும் சொல்லுங்கோ."

ஞாயிற்றுக்கிழமை அவன் போனான். பிரதான சாலையில் நிறுத்தாமல் கரைவரைக்கும் வண்டியை ஓட்டினான். நோயெல்லா ஆற்றின் மேல் ஒரு மடக்குக் கதிரையில் உட்கார்ந்து, பனிக்கட்டியில் வெட்டிய துளைக்குள் தூண்டில் விட்டிருந்தார். பக்கத்தில் பாதிரியார் கைகளைத் தேய்த்தபடி போய் வந்துகொண்டிருந்தார்.

"செவிக்காரன் வந்துவிட்டான்," என்றார் நோயெல்லா. "இங்கே வா. குனிந்து பார்."

அவன் முழங்காலிட்டு வெண்பனியைக் கையால் ஒதுக்கினான். கீழே பனிக்கட்டி கறுப்பாக, கண்ணாடி போல இருந்தது. உள்ளே மூன்று மீட்டர் ஆழத்தில் கூழாங்கற்கள் தெரிந்தன. ஒரு நீண்ட மீன், வாலைக்கூட அசைக்காமல், கல்லோடு கல்லாகக் கிடந்தது.

"மரையா," என்றார் நோயெல்லா. "இந்தக் குளிரில் முட்டையிடும் மீன் அது ஒன்றுதான். கரையோரம், ஆழமில்லாத இடத்தில் போடும். தண்ணீர் இறங்கினால் முட்டையெல்லாம் உறைந்து செத்துவிடும். ஒவ்வொரு நாளும் இரண்டு தரம் இறங்கினால் என்ன மிச்சம்? முதலில் நாங்கள் கடக்கத்தான் கடந்தோம். பிறகு டிசம்பர் கடைசியில் பார்த்தால் பனிக்கட்டி இப்படித் தெளிந்திருக்கிறது. கிறிஸ்மஸ் பண்டிகைக்கு ஊரே ஆற்றில் நின்றதால் நீர் நான்கு நாள் அசையவில்லை. அப்போதுதான் தோன்றியது. ஒரு ஆள் நடந்தால் ஆறு நிற்கும் என்றால், ஆள் நடந்துகொண்டே இருந்தால் என்ன?"

வாகீசன் எழுந்திருக்கவில்லை. மீனைப் பார்த்தபடியே சொன்னான்: "அன்றைக்குக் காலையில் டர்பைனை ஓடவிட்டது நான்தான். கிளிஃபர்ட் போன அன்று."

பாதிரியார் நடையை நிறுத்தவில்லை. ஆனால் கொஞ்சம் தள்ளிப்போய்விட்டார்.

"தெரியும்," என்றார் நோயெல்லா. "விசாரணை அறிக்கையில் உன் கையெழுத்து இருந்தது. உன் மனைவி எனக்கு இரத்த அழுத்தம் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கையெழுத்தை நினைத்துக்கொள்வேன். அவளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை."

"எனக்கு வந்து சொல்லத் தைரியம் இருக்கவில்லை."

"அதுவும் தெரியும். சாலையிலேயே வண்டியை நிறுத்துவாயே." அவர் தூண்டிலை ஒரு தரம் சுண்டிவிட்டார். "முதல் இரண்டு வருடம் உன்னைக் கண்டால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. இப்போது அப்படி இல்லை. மன்னிப்பு என்று நான் ஒன்றும் தரப்போவதில்லை, அதை என் தம்பியின் மனைவியிடம் போய்க் கேள். வீடு அதோ, பச்சைக் கதவு. ஆனால் ஞாயிறு இரண்டு மணிக்கு என் பட்டியலில் ஆள் இல்லை."

அவன் முதலில் ஆற்றில் அரை மணி நேரம் நடந்தான். பிறகு பச்சைக் கதவைத் தட்டினான். அங்கே என்ன பேசினார்கள் என்று நளாயினி கேட்கவில்லை. திரும்பி வரும்போது அவன் கையில் ஒரு புகைபோட்ட மீன் பொட்டலம் இருந்தது. அன்று மாலை அவன் நன்றாகச் சாப்பிட்டதை மட்டும் அவள் கவனித்தாள்.

மறுநாள் அவன் கொவால்சுக்குக்குத் தானே கூப்பிட்டு உள்ளதைச் சொன்னான். அவர் அடுத்த விமானத்தில் வந்து இறங்கினார். கட்டுப்பாட்டறையில் நேர்கோடாகக் கிடந்த நீர்மட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உங்கள் மனைவியுமா?"

"செவ்வாயும் வியாழனும். ஞாயிறு நான்."

கொவால்சுக் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தான். அவர் சோர்வாக உட்கார்ந்தார். "நான் அரக்கன் இல்லை, வாகீசன். அந்த ஊர்க்காரர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. ஆனால் மூன்று லட்சம் வீட்டுக்குள் புகுந்து நாம் சூட்டைக் குறைக்கிறோம். அவர்களை யாராவது கேட்டோமா? இரக்கத்தை இப்படிச் சுவரில் மாட்டி விதிக்க முடியாது. விதித்தால் ஒரு நாள் வெறுப்பாக மாறும். நூறாவது நாள் இது நிற்கும். நிறுத்துவது உங்கள் வேலை."

அவர் சொன்னதில் பாதி சரி என்றே வாகீசனுக்குப் பட்டது.

நூறாவது நாள் பிப்ரவரி நடுவில் வந்தது. வடக்கே மைனஸ் நாற்பத்தொன்று, நகரத்தில் மைனஸ் முப்பத்தாறு. அந்தக் குளிர்காலத்திலேயே கொடிய நாள். காலை வானொலியில் நோயெல்லா நேற்று நடந்தவர்களின் பெயர்களை வாசித்தார். முப்பது பெயர். பிறகு சொன்னார்:

"இன்று மதியத்தோடு செவி நிற்கிறது. மாலை ஐந்துக்கு நகரம் மின்சாரம் கேட்டதும் தண்ணீர் பழையபடி ஏறும், அதனால் பன்னிரண்டு மணிக்கு மேல் யாரும் ஆற்றில் இறங்க வேண்டாம். வலைகளை எடுத்துவிடுங்கள். தெற்கேயிருந்து கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இத்தனை நாள் எங்களுக்காகக் குளிரைத் தாங்கினீர்கள். சிலர் விரும்பாமல் தாங்கியிருப்பீர்கள், அதற்கும் நன்றி. இனி உங்கள் வீடு நன்றாகச் சூடாக இருக்கும்."

பன்னிரண்டு மணிக்கு வாகீசன் செவியை நிறுத்தினான். ஆற்றில் ஒருவரும் இல்லை. காலையிலிருந்து நின்ற மட்டத்திலேயே நீரை வைத்துக்கொண்டு ஐந்து மணிக்காகக் காத்திருந்தான். முட்டைகளை நினைத்தான். இன்னும் மூன்று வாரம் கிடைத்திருந்தால் பெரும்பாலும் பொரித்திருக்கும்.

நாலே முக்காலுக்கு ஜொசெலின் வழக்கமாகக் கூப்பிடுவாள். கூப்பிடவில்லை. ஐந்து ஆனது. ஐந்தேகால். மாலைத் தேவைக்கோடு மலைபோல ஏறவேண்டிய நேரம். திரையில் அது சிறு மேடு போல எழும்பி, அப்படியே படுத்துக்கொண்டது. அளவி பழுதோ என்று இரண்டாவது அளவியைப் பார்த்தான். அதுவும் அதையே காட்டியது. ஐந்தரைக்குப் பொறுக்கமாட்டாமல் அவனே கூப்பிட்டான்.

"ஜொசெலின், அங்கே என்ன, மின்தடையா?"

"தடை ஒன்றும் இல்லை."

"பிறகு ஏன் கேட்கவில்லை? மைனஸ் முப்பத்தாறில் நானூறு மெகாவாட்டாவது கேட்பாய் என்று தயாராக இருக்கிறேன்."

"நானும் தயாராகத்தான் இருந்தேன்." அவள் குரல் வேறுமாதிரி இருந்தது. "எங்கள் பக்கத்திலிருந்து எந்தக் கட்டளையும் போகவில்லை, வாகீ. நான் மூன்று தரம் சரிபார்த்துவிட்டேன். வீடுகளில் அவர்களாகவே குறைத்திருக்கிறார்கள். அரை டிகிரி இல்லை, ஒன்று, ஒன்றரை. மூன்றில் இரண்டு வீடு. மதியமே சமைத்துவைத்துவிட்டார்கள் போலிருக்கிறது, அடுப்புத் தேவைகூட ஏறவில்லை. நானும் காலையில் வேலைக்கு வரும்போது குறைத்துவிட்டுத்தான் வந்தேன். நான் ஒருத்திதான் என்று நினைத்தேன்."

"கொவால்சுக்குக்குத் தெரியுமா?"

"என் பின்னால்தான் நிற்கிறார். குளிர்க்கோட்டைக் கழற்றாமல் நிற்கிறார். அவர் அறையும் குளிர்கிறதாம்."

மேசையில் இன்னொரு தொலைபேசி அடித்தது. எடுத்தான். நோயெல்லா.

"கரையில் நிற்கிறேன். தண்ணீர் ஏறவில்லை. யாராவது இறங்கிவிட்டார்களோ என்று ஊரையே எண்ணிவிட்டேன், எல்லாரும் மேலேதான் இருக்கிறார்கள். நீ என்ன செய்தாய்? வேலையை இழக்கிறமாதிரி ஏதாவது செய்துவிடாதே."

"நான் ஒன்றும் செய்யவில்லை. அவர்கள் கேட்கவில்லை."

"யார்?"

"நகரம். நகரம் கேட்கவில்லை."

அந்தப் பக்கத்தில் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு நோயெல்லா கிரீ மொழியில் யாரிடமோ எதையோ சொல்வதும், அந்த யாரோ இன்னொருவருக்குச் சொல்வதும், கரை நெடுக அது போய்க்கொண்டே இருப்பதும் கேட்டது.

அவன் முதல் தொலைபேசிக்குத் திரும்பினான். ஜொசெலின் இன்னும் இருந்தாள்.

"அப்படியானால் நான் இப்போது என்ன செய்ய?" என்று கேட்டான்.

"ஒன்றும் செய்யவேண்டாம், வாகீ," என்றாள் அவள். "சும்மா இரு."

பத்தொன்பது வருட வேலையில் அவனிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அவன் கதிரையைப் பின்னால் தள்ளி, கால்களை நீட்டி, சும்மா இருந்தான்.